கழுத்தில் தொங்கிய ஹால் டிக்கெட்

ஒரே பரீட்சையில் இரண்டு முறை தோற்றால் வீட்டில் திட்டுவார்கள். நான்கு முறை தோற்றால் ஆறுதல் சொல்வார்கள். ஏழு முறை தோற்றவளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. பேச்சை மாற்றி, “குழம்பு நல்லா இருக்கே” என்பார்கள். நான் குழம்பு நன்றாக வைப்பதாக எங்கள் சொந்தத்தில் ஒரு பெயர் உண்டு. அது எப்படி வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாடத்தின் பெயர் கணிதம்-3. நான்கு வருடப் பொறியியல் படிப்பில் மற்ற எல்லாத் தாள்களையும் முடித்துவிட்டேன். இது ஒன்று மட்டும் அரியராக நின்றது. கல்யாணத்தின்போது நின்றது, வளைகாப்பின்போது நின்றது, மகள் யாழினி பிறந்து, தவழ்ந்து, ஓட ஆரம்பித்த பிறகும் அசையாமல் நின்றது. இதை முடிக்காதவரை பட்டம் கிடையாது. பட்டம் இல்லையென்றால் காகிதத்தில் நான் வெறும் பிளஸ் டூ. (யாழினியின் பிளே ஸ்கூல் விண்ணப்பத்தில் ‘தாயின் படிப்பு’ என்ற கட்டத்தில் பி.இ. என்று எழுதிவிட்டு, போலீஸ் வரும் என்று ஒரு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

எனக்குக் கணக்கு வராது என்று நினைக்க வேண்டாம். கணக்கு வரும். போட்ட கணக்கைச் சும்மா விட்டுவிட்டு எழுந்து வரத்தான் வராது. விடையை எழுதி முடித்ததும் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்க்கப் பார்க்க அது தப்பு மாதிரியே தெரியும். ஏழாவது முறை, ஒரு ஃபூரியர் தொடர் கணக்கில் சரியாகப் போட்டிருந்த பிளஸ்ஸைக் கடைசி நிமிடத்தில் மைனஸாக மாற்றினேன். மூன்று மதிப்பெண்ணில் போனது.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. பழைய மாணவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதன் பிறகு கதவு சாத்தப்படும்.

என் கணவர் பாலாஜி கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். குன்றத்தூர்க்காரர். எங்கள் வாடகை வீடு வல்லக்கோட்டையில், கோயில் அலங்கார வளைவிலிருந்து நாலு வீடு தள்ளி. அவர் அறிவிப்பைப் படித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். தயாரிப்பு லைனில் ஒரு பாகம் கெட்டுப்போனால் ‘ஏன், ஏன்’ என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைப் பிடிப்பார்களாம். அதை என்னிடம் செய்து பார்த்தார்.

“ஏன் ஃபெயிலான?”

“மார்க் வரல.”

“ஏன் வரல?”

“சரியா எழுதினத மாத்திட்டேன்.”

“ஏன் மாத்தின?”

“பயம்.”

“இன்னாத்துக்கு பயம்?”

“வீட்டுக்கு வந்தா நீங்க இப்டி தாள ஒட்டி வச்சிக்கினு கேப்பீங்கன்னுதான்.”

ஐந்தாவது ஏன் கேட்கப்படவில்லை. தாளை மடித்து ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்தார். மறுநாள் அதே இடத்தில் வேறு தாள் இருந்தது: மணிக்கு மூன்று கணக்கு இலக்கு, முடித்தது எத்தனை, முடிக்காததற்குக் காரணம் என்ன. முதல் வாரம் முழுக்க மூன்றாவது கட்டத்தில் ஒரே சொல்தான்: யாழினி, யாழினி, யாழினி.

இரண்டரை வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பது என்பது, ஓடும் வண்டியில் ஊசியில் நூல் கோப்பது போல. நான் நோட்டைத் திறந்தால் அவளுக்குப் பசிக்கும். மூடினால் பசி போய்விடும். சாதம் ஊட்டிக்கொண்டே சூத்திரம் சொன்னேன். ஒரு வாய் சைன், ஒரு வாய் காஸ். குழந்தை இரண்டையும் பிடித்துக்கொண்டாள். காஸ் வரும்போது மட்டும் துப்பினாள். குக்கர் விசிலை எண்ணுவதா, தொடரின் உறுப்புகளை எண்ணுவதா என்று குழம்பி, அந்த மாதம் பருப்பு ஒருநாள் கல்லாகவும் ஒருநாள் கூழாகவும் இருந்தது. (அதையும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள்.)

எனக்கு உண்மையான உதவி மாடியிலிருந்து வந்தது. மாடி அறையில் இசக்கியம்மாள் இருந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண், என் வயதுதான், பென்னலூர் பக்கம் ஒரு செல்போன் தொழிற்சாலையில் வேலை. சி ஷிஃப்ட் என்கிற இரவு வேலையை முடித்துவிட்டுக் காலையில் வந்து, கொஞ்சம் தூங்கி எழுந்து, யாழினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் ஏதாவது உருப்படியாகப் படித்தேன்.

பரீட்சை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்லூரியில், காலை பத்து மணிக்கு. எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. எட்டரை மணிக்குப் பேருந்து ஏறினால் தாராளம். ஆனால் நான் யோசிக்க ஆரம்பித்தேன். பேருந்து வராவிட்டால்? வந்து வழியில் நின்றுவிட்டால்? கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே படுத்துவிட்டால்? பரீட்சைக்காக லீவு போட்டிருந்த பாலாஜி வண்டியில் கொண்டுபோய் விடலாம், ஆனால் இசக்கி தூங்கும் நேரத்தில் குழந்தையை யாரிடம் விடுவது? அவளையும் ஏற்றிக்கொண்டு போய், வழியில் அவள் அழுது, நான் அழுது?

“எதுக்குக்கா இவ்ளோ ரோசன?” என்றாள் இசக்கி. “காலைல அஞ்சரைக்கு எங்க கம்பெனி பஸ்ஸு வளைவுக்கு வரும்லா, ஏ ஷிஃப்ட் ஆள ஏத்த. ஸ்ரீபெரும்புதூர் வழியாத்தான் போவும். டிரைவரண்ணன்ட்ட நான் சொல்லி வைக்கேன். ஏறி உக்காந்துக்கிடுங்க, எறக்கி விட்டுருவாரு.”

பத்து மணிப் பரீட்சைக்கு ஐந்தரைக்குக் கிளம்புவது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் ரிவிஷன் செய்யலாம்.

முதல் நாள் சாயங்காலம் ஹால் டிக்கெட்டை எங்கே வைப்பது என்று தவித்தேன். பையில் வைத்தேன். பை தொலைந்தால் என்று எடுத்து நோட்டுக்குள் வைத்தேன். நோட்டை மறந்தால் என்று எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். நாலாவது முறை எடுத்தபோது பாலாஜி பிடுங்கிக்கொண்டார். தன்னுடைய பழைய அடையாள அட்டை உறையை நீலக் கயிறோடு எடுத்து, ஹால் டிக்கெட்டை என் போட்டோ வெளியே தெரியும்படி மடித்து அதில் சொருகினார்.

“கழுத்துல மாட்டிக்கோ. இந்த ஊர்ல எதத் தொலச்சாலும் கழுத்துல கீறத எவனும் தொலைக்க மாட்டான்.”

எனக்கு அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது.

ஆக, மறுநாள் அதிகாலை ஐந்தரைக்கு வல்லக்கோட்டை வளைவில் நான் நின்ற கோலத்தைச் சொல்லிவிடுகிறேன். நீலச் சுடிதார். தோளில் சின்னப் பை, அதில் தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ். கழுத்தில் நீலக் கயிறு, போட்டோ வைத்த அட்டை. என்னைச் சுற்றி அதே கோலத்தில் முப்பது பெண்கள். கையில் சூத்திரத் தாள் இருந்தது ஒன்றுதான் வித்தியாசம். வெள்ளை பஸ் ஒன்று வந்து நின்றது. பின்னாலேயே இன்னொரு வெள்ளை பஸ். முன்கண்ணாடியில் ஒட்டிய அட்டையைப் பார்த்து ஏற வேண்டும் என்று இசக்கி மூன்று முறை சொல்லியிருந்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் ஏறியதில் ஏறினேன்.

பஸ்ஸில் ஏறிய அடுத்த நிமிடம் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள். நான் செல்போன் வெளிச்சத்தில் அரை வீச்சு சைன் தொடரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் எந்தப் பக்கம் திரும்பியது என்று தலை தூக்கிப் பார்க்கவில்லை. வண்டி ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றபோதுதான் தலையை நிமிர்த்தினேன். ஸ்ரீபெரும்புதூர் எங்கும் இல்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு உள்ளே இருந்தேன். நேர் எதிர்த் திசை.

எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன். செக்யூரிட்டி அம்மா ஒருவர் என் செல்போனை வாங்கி, காமிரா மேல் ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தார். கழுத்து அட்டையைப் பார்த்தார். கயிற்றின் நீலம் அவர்கள் நீலம் இல்லை போலிருக்கிறது.

“புது ஜாயினியா? அந்த ஹாலுக்குப் போ.”

அப்போது வாயைத் திறந்து “நான் தப்பாக ஏறிவிட்டேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாமா என்று யோசித்தேன். அனுமதி இல்லாமல் தொழிற்சாலைக்குள் வருவது குற்றமா என்று யோசித்தேன். குற்றம் என்றால் குற்றவாளிகளைப் பரீட்சை எழுத விடுவார்களா என்று யோசித்தேன். இதற்குள் எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

மணி ஆறுதானே, பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு வழியில் சி ஷிஃப்ட் முடித்தவர்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டேன். அங்கே வெளியே போக அட்டையை ஒரு பெட்டியில் காட்ட வேண்டும். காட்டினேன். பெட்டி சிவப்பாகி அலறியது. நடுத்தர வயது செக்யூரிட்டி ஒருவர் வந்தார்.

“கார்டு எடுக்கலியேம்மா. இன்னா டிபார்ட்மென்ட்டு?”

“எந்த டிபார்ட்மென்ட்டும் இல்லண்ணா. பஸ் மாறி ஏறிட்டேன். இது ஹால் டிக்கெட். எனக்கு பத்து மணிக்கு பரீட்சை.”

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. கருணைதான் வந்தது. அதுதான் வம்பாயிற்று.

“தோ பாரும்மா. மொத நாள் அல்லாருக்கும் இப்டிதான் கீது. மிஷினப் பாத்தா பயமாத்தான் இருக்கும். அதுக்குன்னு ஓடிட்றதா? ஊர்ல அப்பா அம்மா எவ்ளோ நம்பி அனுப்பிகிறாங்க.”

“அண்ணா, எனக்குக் கல்யாணமாகி ரெண்டரை வயசுல பொண்ணு இருக்கா.”

“போன பேட்ச்ல ஒரு பொண்ணு மாமா செத்துட்டார்னு அழுதுச்சு. அந்த மாமாவே சாய்ங்காலம் போன் பண்ணி, புள்ள ஒழுங்கா வேல செய்யுதான்னு என்னாண்டயே கேக்குறாரு. அதுக்கு மின்ன ஒண்ணு, கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னுச்சு. நீ பரீட்சைன்ற. கொஞ்சம் புதுசாத்தான் கீது.”

ஒவ்வொரு புது பேட்சிலும் முதல் நாளே ஒரு பெண்ணாவது அழுதுகொண்டு ஓடுவாளாம். அப்படி ஓடுகிறவளைத் திட்டக் கூடாது, நயமாகப் பேசித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் தன் கடமையை மிகச் சிறப்பாகச் செய்தார். வெளியே போக எச்.ஆர். கையெழுத்து போட்ட சீட்டு வேண்டும், எச்.ஆர். எட்டரைக்கு வருவார், அதுவரை உட்கார் என்றார். உட்கார வைத்து, கேன்டீனிலிருந்து ஒரு தட்டுப் பொங்கலும் வரவழைத்தார்.

“சாப்டும்மா. சாப்டா அல்லாம் சரியாப் பூடும்.”

பாலாஜிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். செய்தால் என்ன ஆகும்? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் பதறி வருவார், வழியில் ஏதாவது ஆகும். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பொங்கலைச் சாப்பிட்டேன். (நன்றாக இருந்தது. இதை மறைப்பது நியாயமில்லை.)

பிறகு அந்த செக்யூரிட்டி என்னைக் கையோடு அழைத்துப்போய் பயிற்சி ஹாலில் விட்டார். ட்ரெய்னர் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி எந்தக் கோட்டுக்குள் போகும், துப்பட்டாவை ஏன் கட்ட வேண்டும், நெருப்பு மணி அடித்தால் எங்கே கூட வேண்டும். நான் நடு வரிசையில் உட்கார்ந்து வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். ஏழு. ஏழரை. எட்டு. மடியில் சூத்திரத் தாளை விரித்தால், “அக்கா, அத்த மூடுங்க, இங்க கவனிங்க” என்றார். சொன்னால் கேட்கிற பெண் நான். மூடிவிட்டேன். கவனிக்கவும் செய்தேன்.

எட்டு மணிக்கு எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். இருபது கேள்விகள், சரியா தவறா. என் முன்னால் கேள்வித்தாள் வைத்தால் எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது. எழுதினேன். கால் மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிறிது நேரம் கழித்து ட்ரெய்னர் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இருபதுக்கு இருபது ஒருத்தர்தான் எடுத்துகிறாங்க. ஆனா பேர் எழுதல. ஏதோ நீட்டமா நம்பர் போட்டுகிறாங்க. யாருது இது?”

அது என் பல்கலைக்கழகப் பதிவு எண். எட்டு முறை விண்ணப்பம் போட்ட கை, தாளின் தலையில் வேறு எதை எழுதும்? எழுந்து நின்றேன். நின்றதும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முன் பெஞ்சில் ஒரு பெண், தானும் ஓடிவிடலாமா என்று பார்ப்பது போல வாசலைப் பார்த்தாள்.

ட்ரெய்னர் தன் பட்டியலில் தேடினார். என் பெயர் இல்லை. உடனே எச்.ஆர். வந்தார். மூன்று மணி நேரத்தில் என் கழுத்தில் இருந்ததை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவர்தான். படித்ததும் அவர் முகம் என் முகத்தைவிட மோசமாக மாறியது. ஒரு வெளியாள் உள்ளே வந்து, பொங்கல் சாப்பிட்டு, பயிற்சி முடித்து, பரீட்சையிலும் தேறியிருக்கிறாள்.

“மேடம், நீங்களா தவறுதலா வந்தீங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. உடனே அனுப்பிடறேன்.”

இரண்டு வரி. மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்தேன். ‘தவறுதலாக’ என்பதா, ‘அறியாமல்’ என்பதா? அறியாமல் என்றால் விவரமில்லாதவள் என்று ஆகாதா? அடித்தேன். வேறு தாள் கேட்டேன். மூன்றாவது தாளில் இரண்டாம் பக்கம் திருப்பியபோது எச்.ஆர். மெதுவாகப் பேனாவை என் கையிலிருந்து உருவினார்.

“போதும் மேடம். உங்களுக்கு பத்து மணிக்கு பரீட்சை.”

மணி ஒன்பது இருபது. வாசலில் கார் எதுவும் இல்லை. காலைச் சாப்பாடு கொண்டுவந்த கேட்டரிங் வண்டி ஒன்றுதான் காலிப் பாத்திரங்களோடு ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரைவர் பக்கத்து சீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர். நான் பின்னால் ஏறி, கவிழ்த்து வைத்த ஒரு கூடை மேல் உட்கார்ந்து, சாம்பார் அண்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பின்கதவை முழுதாகச் சாத்தினால் இருட்டாக இருக்கும் என்று பாதி திறந்து விட்டார்கள்.

அந்தப் பாதித் திறப்பின் வழியாகத்தான் பார்த்தேன். வல்லக்கோட்டை வளைவில் வண்டி மெதுவானது. பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு பாலாஜி நின்றிருந்தார். இடுப்பில் யாழினி. அவள்தான் முதலில் பார்த்தாள். கையைத் தூக்கி, “அம்மா” என்று டாட்டா காட்டினாள். பாலாஜி திரும்பினார். வண்டி கிளம்பியது. போன் அடித்தது.

“ஏய், இப்போ ஒரு சாப்பாட்டு வண்டில போனது நீயா?”

“ஆமாங்க.”

“அஞ்சரைக்கு போனவ இன்னும் நம்ம வூட்டாண்டயே கீற?”

“அப்புறம் சொல்றேங்க.”

“அது இன்னா, எத்த கட்டிப் புட்சிகினு போற?”

“சாம்பார் அண்டா.”

அந்தக் குவாலிட்டிக்காரர் கேட்டார்: “காலிதானே?”

காலிதான், அடியில் கொஞ்சம் இருந்தது. ஒரு திருப்பத்தில் அது சுடிதாரில் ஏறியது.

ஸ்ரீபெரும்புதூரில் லாரி வரிசை. கல்லூரி வாசலில் இறங்கியபோது பத்து பதினைந்து. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உள்ளே விட மாட்டார்கள். ஓடினேன். இருபத்திரண்டு நிமிடம் தாமதமாக ஹாலுக்குள் நுழைந்தேன். மேற்பார்வையாளர் ஹால் டிக்கெட்டைக் கேட்டார். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்ல மூக்கை உறிஞ்சினார், இடத்தைக் காட்டினார்.

எழுதினேன். முதல்முறையாக, எழுதியதைத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை. கடைசிக் கணக்கில் ஒரு மைனஸ் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பேனா அதன் மேல் போய் நின்றது. அதற்குள் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. தேறிவிட்டேன். வேண்டியதற்கு இரண்டு மதிப்பெண் அதிகம். பாலாஜி மூன்று முறை சத்தமாகப் படித்தார். இசக்கி மாடியிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் மட்டும் அன்று சாயங்காலமே விடைத்தாள் நகல் கேட்டு இன்டர்நெட்டில் விண்ணப்பிக்கப் போனேன். அந்த மைனஸ் சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? தப்பாக இருந்து, தெரியாமல் மார்க் போட்டிருந்தால்? பாலாஜி இன்டர்நெட்டை ஒரு வாரத்துக்கு அணைத்து வைத்தார்.

பட்டம் இப்போது வீட்டில் இருக்கிறது. இன்று பக்கத்து ஊர்ப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர் நான். (சிரிக்காதீர்கள்.) யாழினி யு.கே.ஜி. படிக்கிறாள். தினம் காலையில் அவள் கழுத்தில் பள்ளி அடையாள அட்டையை மாட்டிவிட்டு வேனுக்குக் காத்திருப்போம். வேன் வந்ததும் அவள் ஏற மாட்டாள். அப்பா பழக்கிவிட்டபடி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு டிரைவரிடம் கேட்பாள்:

“அங்கிள், இது எந்தக் கம்பெனி பஸ்ஸு?”

“ஸ்கூல் பஸ்ஸு மேடம்.”

“சாம்பார் கீதா?”

“இல்ல மேடம்.”

உள்ளே இருக்கிற பிள்ளைகள் எல்லாம் சிரிக்கும். பாலாஜி தினமும் புதிதாகக் கேட்பது போல விழுந்து விழுந்து சிரிப்பார். நானும் சிரிக்கிறேன். ஆனால் வேன் வளைவுக்குப் போய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போகிறேன்.